கறுப்பு ஆடு பெருமையா, பழியா?



ஆங்கில மரபுத்தொடரைப் புரிய வைப்பது அகராதியா, அனுபவமா? "அகராதி இருக்க அலைவானேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணிச் சகோதரி. அம்மா, நான் அனுபவத்தை நம்பி முட்டை வாங்கியவன்! (சிரிப்பு)

எனக்குச் சொந்த ஊர் கடலாடிப் பக்கம். அப்பா கிடை போட்டவர். 1984-ல் பத்தாம் வகுப்பு. 'பிளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி' என்றால் என்ன என்று தேர்விலே கேட்டிருந்தார்கள். 'வீட்டுக்குச் செல்லப்பிள்ளை' என்று எழுதிவிட்டேன்! (சிரிப்பு)

வாத்தியார் எழுப்பி நிறுத்தினார். "ஏண்டா இப்படி எழுதினே?"

"சார், எங்க கிடையிலே மறு இல்லாத கறுப்புக் குட்டி பொறந்தா விக்க மாட்டோம். கருப்பசாமிக்கு நேர்ந்து விட்டுருவோம். அதுக்குத்தான் சார் முதல் தண்ணி!"

வகுப்பே சிரித்தது. "ஆட்டுக்காரன் புத்தி" என்றார். தலை குனிந்தேன் ஐயா. என் தப்பு என்னவென்று யாரும் சொல்லவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஆடு வளர்த்தது கம்பளிக்காக. வெள்ளை ரோமத்தில் எந்தச் சாயமும் ஏறும், கறுப்பில் ஏறாது. விலை போகாது. அதனால் அங்கே கறுப்பு ஆடு குடும்பத்துக்குப் பழி தேடித் தருகிறவன். நமக்கு ஆடு எருவுக்கு, கறிக்கு, சாமிக்கு. நிறம் ஒன்றுதான், பிழைப்பு வேறு. அதே தொடர் தமிழ்ப் பத்திரிகைக்கு வந்ததும், கூட இருந்தே குழி பறிப்பவன் என்று ஆகிவிட்டது!

சரி, நம்முடைய தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டுகிறார். இதை வெள்ளைக்காரனிடம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொல்லுங்கள். சகாராவுக்கு டிக்கெட் எடுப்பான்! (சிரிப்பு) எந்த மாவட்டம் என்று உங்களுக்குத் தெரியும். 1910-ல் உருவான எங்கள் இராமநாதபுரம்தான். ஒரு குடம் தண்ணீருக்கு எங்கம்மா நடந்த நடை அந்தத் தொடருக்குள்ளே இருக்கிறது. அதை எந்த அகராதி சொல்லும்? (கைதட்டல்)

அகராதி வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. அகராதி அர்த்தம் சொல்லும். அந்த ஆட்டுக்காரன் கதைதான் அதை மனசிலே நிறுத்தும். பிள்ளை தப்பாக எழுதினால், முட்டை போடுவதற்கு முன்னால் "ஏன் எழுதினே?" என்று கேளுங்கள். பதிலையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அன்றைக்குத் தலை குனிந்த கறுப்பு ஆடுதான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறது. பழியா, பெருமையா? நடுவர் சொல்லட்டும்! (கைதட்டல்)