ஊக்குவித்தல்: ஒரு சொல்லும் அதன் பொறுப்பும்



பணியிடத்தில் ஊழியர்களை ஊக்குவிப்பது எவ்வாறு என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். மேலாண்மை நான் பயின்ற துறையன்று. நான் பயின்றது மொழியியல். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

‘ஊக்கு’ என்னும் வினைக்கு ஒரு செயலில் தானே முனைதல் என்பது ஒரு பொருள். மற்றொரு பொருளைக் கலித்தொகையில் காண்கிறோம். குறிஞ்சிக்கலித் தலைவி ஒருத்தி, தன்னை நாடிப் பலநாள் வந்தும் வாய்திறவாத இளைஞனிடம், தன் ஊசலைச் சிறிது ஊக்கிவிடுமாறு கேட்கிறாள். அங்கே ஊக்குதல் என்பது ஊஞ்சலைத் தள்ளுதல். (அவள் கைநழுவியவள்போல் அவன்மேல் விழுந்தது வேறு கதை, மாணவர்கள் நூலகத்தில் படித்துக்கொள்ளலாம்.) ஊஞ்சல் ஆட்டிப் பழகியவர்கள் அறிவார்கள்: நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் அது நின்றுவிடும். வந்து, ஒரு கணம் தயங்கி, திரும்பும் வேளையில் கைவைக்க வேண்டும். உடனே கையை எடுத்துவிடவும் வேண்டும்.

‘வி’ என்னும் பிறவினை விகுதி சேர்ந்து ‘ஊக்குவி’ என்றானதும், ஊக்கம் என்பது மேலாளர் கொடுக்க ஊழியர் பெற்றுக்கொள்ளும் பொருள்போல் தோன்றத் தொடங்குகிறது. வள்ளுவர் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. ‘ஊக்கமுடைமை’ திருக்குறளின் 60-ஆம் அதிகாரம். பரிமேலழகர் பகுப்பின்படி அது அரசியலின் 25 அதிகாரங்களுள் அடங்கும். அதாவது, ஊக்கம் முதலில் எதிர்பார்க்கப்படுவது தலைமை ஏற்பவனிடம். 57-ஆம் அதிகாரமோ ‘வெருவந்த செய்யாமை’. குடிகள் அஞ்சும்படி நடவாமையைச் சொல்வது. ஊழியர் கூட்டங்களில் ஊக்கம் பற்றி முழங்குவோர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்பது ஏவுதல் கருத்தாவுக்கு நாம் வகுப்பில் காட்டும் சான்று. கல் சுமந்த இயற்றுதல் கருத்தாக்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் நிலைமை வேறு. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பெயர்பெயராகக் குறிக்கப்பட்டுள்ளனர்: எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் என்றெல்லாம். தொடர்ந்து விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், தையற்காரர் எனப் பட்டியல் நீள்கிறது. தச்சர் ஒருவர் மன்னன் பெயரையே தாங்கி ‘இராசராசப் பெருந்தச்சன்’ எனப்படுகிறார். அப்பெண்டுகள் விரும்பித்தான் வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. அவர்களை ‘உதவியாளர்கள்’ என்று ஒரு சொல்லில் அது முடித்துவிடவுமில்லை.

நான் முடித்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கலைச்சொல் அகராதி ஒன்றுக்குப் பதிப்பாசிரியராக இருந்தேன். இளம்பெண் ஒருவர் மூன்றாண்டுகள் சொல்லட்டைகளைத் தொகுத்தார். மாலை ஆறு மணிக்கு மேலும் இருந்து, ஒரு சொல்லின் இரு வழக்குகளைப் பற்றி என்னோடு வாதிடுவார். நூல் வெளிவந்தது. முன்னுரையில் பேராசிரியர்கள், நன்கொடையாளர்கள், அச்சகத்தார் பெயர்களெல்லாம் இருந்தன. இறுதியில் ‘உதவியாளர்கள் அனைவருக்கும் நன்றி’ என்று எழுதியிருந்தேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தொகுதிக்கான வேலையில் அட்டைகள் குறித்த நாளில் வந்தன, பிழையும் இல்லை. ஆனால் வாதம் நின்றுவிட்டது. ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிடுவார். ஊக்கத்தொகைக்குப் பரிந்துரைத்தேன், பயிலரங்குக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டார். ஓராண்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார். காரணம் எனக்கு விளங்கியது அதற்கும் பிறகுதான், இரண்டாம் பதிப்புக்காக என் முன்னுரையை நானே படித்தபோது.

அப்பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் ‘தொகுப்பு’ என்று அவர் பெயரைச் சேர்த்து, ஒரு படியை அனுப்பிவைத்தேன். இரண்டு வாரம் மறுமொழி இல்லை. பிறகு ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஐயா, ‘க’ வரிசையில் மூன்று சொற்களுக்குப் பொருள் தவறாக இருக்கிறது. எழுதிக்கொள்கிறீர்களா?”

எழுதுகோலைத் தேடினேன்.