வேட்டைப் பதிவேடும் ஒரு மாணவனின் கேள்வியும்

(சின்னாளப்பட்டியில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் ஆட்சி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சுட்ட புலியின் மேல் காலை வைத்து நிற்கும் ஒரு துரையின் படத்தைக் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, "சார், துரை புலியச் சுட்டா படம் புடிக்கிறாங்க. எங்க தாத்தா முயல் புடிச்சா மட்டும் ஏன் சார் கேஸ் போடுறாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் கற்றுக்கொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1877இல் நீலகிரியில் வேட்டைப் பிரியர்கள் ஒன்றுகூடி, வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1879இல், சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. குறிப்பிட்ட மாதங்களில் வேட்டையைத் தடை செய்யும் அதிகாரம் அரசுக்கு வந்தது. ஏன்? கண்மூடித்தனமாகச் சுட்டதில் விலங்குகள் குறைந்துவிட்டன. அடுத்த ஆண்டு சுடுவதற்கு விலங்கு வேண்டுமே! விதைநெல்லை எடுத்து வைப்பது போன்ற பாதுகாப்பு அது.

அந்தச் சட்டம் எவற்றை வேட்டை விலங்கு என்றது தெரியுமா? 'பைசன்', கடமான், 'ஐபெக்ஸ்', 'காட்டுச் செம்மறி', மான் வகைகள், முயல், மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை என்று பட்டியல் போகிறது. பைசன் என்றது நம் காட்டுமாட்டை. ஐபெக்ஸ் என்றது வரையாட்டை. காட்டுச் செம்மறி என்றது கேளையாட்டை; அது மான் இனம். தங்கள் நாட்டுப் பெயர்களை நம் விலங்குகளுக்குச் சூட்டிவிட்டார்கள். பட்டியலில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. மானைத் தின்று துரைமாரின் வேட்டைக்குப் போட்டியாக வந்ததால், செந்நாயைக் கொன்றவருக்கு வெகுமதி கொடுத்தார்கள்.

வேட்டைப் பதிவுகளும் இப்படித்தான். 1892இல் லண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர், உலகெங்கும் சுடப்பட்ட விலங்குகளின் கொம்பு நீளங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். கொம்பு எத்தனை அங்குலம், சுட்டவர் யார், சுட்ட இடம் எது என்பதெல்லாம் அதில் உண்டு. கூட்டத்தில் எத்தனை குட்டிகள் இருந்தன என்பது இல்லை. தடம் பார்த்து வழிகாட்டிய மலைவாசியின் பெயரும் இல்லை. துப்பாக்கியோடு வந்தவர் வேட்டைக்காரர். பசிக்குக் கண்ணி வைத்த மலைவாசி திருடர்.

ஒரு பதிவேடு முதலில் காட்டுவது அதை எழுதியவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதையே. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய வரலாற்றுப் பாடம் இது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மூணாறில் தேயிலைத் தோட்டத்தார் தங்கள் வேட்டைக்காக இரவிகுளத்தை ஒதுக்கி வைத்தார்கள். அங்கே காவலர்களாக நின்றவர்கள் முதுவர் மக்கள். இன்று வரையாடுகள் மிக அதிகமாக வாழும் தேசியப் பூங்கா அது. நீலகிரிச் சங்கமும் காலப்போக்கில் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. அதன் செயலாளராக இருந்த வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவிதார் துப்பாக்கியை வைத்துவிட்டு, வரையாடுகளை உயிரோடு எண்ணத் தொடங்கினார். 1975இல் அவர் மேற்கொண்ட ஆய்வைப் போற்றித்தான் அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. இந்த எண்களையும் வகுப்பில் அப்படியே விட்டுவிடாதீர்கள். "ஒரே ஆண்டில் 272 கூடியது எப்படி?" என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் கூடுதலான இடங்களில் எண்ணினார்கள். ஆகவே கூடியதெல்லாம் புதிதாகப் பிறந்தவை அல்ல. நல்ல பதிவைப் பார்த்தும் கேள்வி கேட்கப் பழக்குவதுதான் கல்வி.

இனி நம் ஊருக்கு வருவோம். சின்னாளப்பட்டியில் நின்று பார்த்தால் சிறுமலை தெரிகிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குக்கான சரணாலயமாக 2022இல் அரசு அறிவித்தது. எந்தத் துரையும் தேவாங்கைச் சுட்டுப் பெருமை பேசியதில்லை. அதற்குக் கொம்பு இல்லையே! கொம்பில்லாத உயிருக்கும் கணக்கு வந்துவிட்டது.

உங்கள் பள்ளியிலும் ஒரு பதிவேடு தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், பார்த்த உயிர், எண்ணிக்கை, பார்த்தவர் பெயர் என்று ஆறு கட்டங்கள். மயில், கௌதாரி, கீரி, உடும்பு எதுவானாலும் எழுதட்டும். ஊரில் வழங்கும் பெயரிலேயே எழுதட்டும். பெரியவர்களிடம், "உங்கள் சிறு வயதில் எந்தெந்த உயிர்கள் இருந்தன?" என்று கேட்டு வரட்டும். "யார் வேட்டையாடினார்கள்?" என்று மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். பிள்ளையின் நோட்டு அவன் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது.

அந்த மாணவனுக்கு மறுவாரம் பதில் சொன்னேன். "அன்று சட்டம் சுட்டவர் பக்கம் இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு துரையானாலும் தாத்தாவானாலும் விதி ஒன்றுதான். முயலுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் உன் தாத்தாவுக்குக் காடு தெரியும். முயல் எங்கே படுக்கும், எப்போது மேயும் என்று அவரிடம் கேட்டு எழுதிவா" என்றேன்.

நான்கு பக்கம் எழுதி வந்தான். அதுவரை ஒரு பக்கத்துக்கு மேல் அவன் எழுதி நான் பார்த்ததில்லை.