பால்மரமும் எண்ணெய்க் கிணறும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பெட்ரோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுமா? அந்த எண்ணெய் இன்றைய மலேசிய மண்ணில் முதன்முதல் எப்படிக் கிடைத்தது தெரியுமா? சரவாக்கிலுள்ள மிரியில், ஊர் மக்கள் கையாலேயே குழி தோண்டி எண்ணெய் எடுத்து வந்தார்கள். 1910 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஷெல் நிறுவனத்தார் அங்கே கனடா குன்றின்மேல் மரக்கோபுரம் அமைத்துத் துளையிடத் தொடங்கினார்கள். கனத்த இரும்பு உளியை வடத்தில் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் பாடுபட்டு, டிசம்பர் 22ஆம் நாள் எண்ணெயைக் கண்டார்கள். நாளொன்றுக்கு 83 பீப்பாய்! 1972இல் மூடப்படும்வரை அந்தக் கிணறு பலன் தந்தது.

ஆனால் மிரி நிலம் லேசுப்பட்டதா? அடிப்பாறை உடைந்து, சரிந்து, துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு கிணற்றில் எண்ணெய் வந்தால் பக்கத்துக் கிணற்றிலும் வரும் என்று சொல்ல முடியாது. 600க்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டினார்கள்.

எண்ணெய் பூமிக்குள் குளம்போல் நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளில் தங்கியிருக்கிறது. வழி அடைபட்டால் வராது. கெடாத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? வெட்டிய இடத்தில் பால் உறைந்து அடைத்துக்கொண்டால் சொட்டு நின்றுவிடும். எத்தெஃபோன் மருந்து தடவினால் அடைப்பு தாமதமாகும். இன்னும் கொஞ்ச நேரம் பால் வடியும்.

கிணற்றுக்கும் இப்படி வைத்தியம் உண்டு. சுண்ணாம்புப் பாறையானால் அமிலம் விட்டுக் கரைப்பார்கள். இறுகிய பாறையானால் பெரும் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பிளப்பார்கள். பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க மணலையும் சேர்த்து அனுப்புவார்கள். 1947இல் அமெரிக்காவின் கான்சாஸில் இதை முதலில் சோதித்தபோது பலன் இல்லை. விட்டுவிட்டார்களா? 1949இல் அதுவே ஒரு தொழிலாகிவிட்டது!

மருந்து மிஞ்சினால் மரம் வறண்டுபோகும். அமிலம் தவறினால் கிணறும் கெடும். பாறையைப் படித்தவனுக்குத்தான் எண்ணெய்.

பெற்றோர்களே! பிள்ளை நான்காம் படிவம் போகும்போது, "அறிவியல் பாடங்கள் கஷ்டம், நமக்கெதற்கு? சீக்கிரம் வேலைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் பிள்ளையின் வழி அடைபட்டுவிடும். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று கை அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவுக்கு அடுத்த படிதான் உங்கள் பிள்ளை படிக்கப்போகும் வேதியியல்.

மாணவர்களே! பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். பெறாதவர்களே, கான்சாஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மேடையில் சந்திப்போம்.