மாத்திரையை நிறுத்திய 12 நாட்கள்

(கடந்த மாதம் நம் சமூகக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் சந்திப்பில், பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் என்ன டாக்டரா?" என்று கேட்டேன். "டாக்டர் சொல்வதை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு நடந்ததை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். ஆகவே, நான் சொல்லப்போவது நான்கு வருடமாக ஒரு நோயோடு குடித்தனம் நடத்தும் ஒருத்தியின் அனுபவம், அவ்வளவுதான். உங்கள் மருந்தை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு இப்போது வயது 70. நான்கு வருடத்துக்கு முன்பு, நம் லிஃப்ட் பராமரிப்பில் இருந்த வாரத்தில், மூன்றாவது மாடிக்குப் படியேறினேன். இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளுவது போல இருந்தது. வழக்கம்போல "கேஸ்" என்று நினைத்து, பெருங்காயம் போட்ட மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாளும் அப்படியே. வீட்டில் இருந்த பிரஷர் மெஷினில் கைவைத்தால், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இதயப் படம் மின்னியது. அதுவரை அது என்னவென்று நான் பார்த்ததே இல்லை. மருமகள்தான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, "அத்தை, துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு காட்டுது. கிளம்புங்க" என்றாள். ஈ.சி.ஜி. எடுத்ததும் பெயர் தெரிந்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏ.எஃப்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு இடம்தான் தாளம் போடுகிறது. அது ஒன்று சொன்னால், மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். அடுத்து கீழறைகள் சுருங்கி உடம்புக்கு அனுப்பும். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை.

ஏ.எஃப். வந்தால் மேலறையில் ஒருவர் சொல்லி மற்றவர் கேட்பது என்பதே இல்லை. நம் பொதுக்குழுவில் பராமரிப்புக் கட்டணம் என்ற வார்த்தை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோமே, அதே நிலைமை. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை தாறுமாறாக மின் துடிப்புகள் ஓடும். நல்லவேளையாக நடுவில் ஒரு காவலாளி உண்டு. எல்லாவற்றையும் கீழே விடமாட்டார். ஆனாலும் கீழறைகள் வேகமாகவும் தாளம் தப்பியும் துடிக்கும். அதுதான் படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு.

சிலருக்கு இது வந்து, தானே போய்விடும். சிலருக்குத் தங்கிவிடும். இன்னும் சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ ஈ.சி.ஜி. எடுக்கும்போதுதான் தெரியும்.

இங்கே ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பயமுறுத்துவது படபடப்பு. ஆனால் பெரிய ஆபத்து அதில் இல்லை, ரத்தக் கட்டியில் இருக்கிறது. மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், ரத்தம் தேங்கும். இடது மேலறையோடு ஒட்டியபடி ஒரு சின்னப் பை உண்டு. சம்ப்பின் மூலையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிப்பது போல, அந்தப் பையில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

நான் செய்த தவறு

எனக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று துடிப்பின் வேகத்தைக் குறைக்க, மெட்டோப்ரோலால். இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க, அபிக்சபான், காலை ஒன்று, இரவு ஒன்று. முதல் மாத்திரையின் பலன் எனக்கே தெரிந்தது, படபடப்பு அடங்கியது. இரண்டாவது மாத்திரை எதைச் செய்கிறது என்று எனக்கு உடம்பில் தெரியவே இல்லை. போட்டாலும் ஒன்றுமில்லை, போடாவிட்டாலும் ஒன்றுமில்லை என்பது போல இருந்தது. விலையும் அதற்குத்தான் அதிகம்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டி வந்தது. "ரத்தம் நிற்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐந்து நாள் முன்பே நானாக அந்த மாத்திரையை நிறுத்தினேன். இதய டாக்டரிடம் கேட்கவில்லை. பல் டாக்டரிடமும் இப்படி ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. பல்லை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறியது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்படியே ஒரு வாரம் ஓடியது.

நிறுத்திய பன்னிரண்டாம் நாள் காலை, வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சில்லறைப் பை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. "எத்தனை கட்டு?" என்று கீரைக்காரம்மா கேட்டதற்கு, பதில் மனதில் இருக்கிறது, வாயில் வரவில்லை. அப்போது கேட்டில் இருந்த நம் வாட்ச்மேன் ஓடி வந்து, "அம்மா, வாய் ஒரு பக்கமா இழுக்குதும்மா!" என்றார். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இன்டர்காமில் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொன்னார். பக்கத்து வீட்டுத் தம்பி அலுவலகத்துக்குக் கிளம்பி கார் ஓட்டிக்கொண்டு வந்தவர், அப்படியே என்னை ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் கையும் சரியானது. ஸ்கேனில் நிலையான பாதிப்பு எதுவும் இல்லை. "மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டுத் திரும்பியிருக்கிறது. இது எச்சரிக்கை மணி. அடுத்த தடவை மணி அடிக்காமலே வரலாம்" என்றார் டாக்டர். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அபிக்சபான் போன்ற புது மாத்திரைகளின் வேலை ஒரு நாள், இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நமக்குப் பாதுகாப்பே கிடையாது. சாதாரணமாக ஒரு பல் எடுக்கப் பல சமயம் மாத்திரையை நிறுத்தவே தேவையில்லையாம். அன்று காலை ஒரு வேளையைத் தள்ளிவைத்தாலே போதும் என்பார்களாம். அதைக் கேட்டிருந்தால் எனக்கு அன்றைய நாள் வந்திருக்காது.

உறையாமல் தடுக்கும் மாத்திரை பற்றி

எல்லா ஏ.எஃப். நோயாளிக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது. வயது 65 தாண்டியதா, பிரஷர், சர்க்கரை இருக்கிறதா, இதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா, ரத்தக்குழாய் அடைப்பு உண்டா என்று கணக்குப் போட்டுத்தான் டாக்டர் முடிவு செய்வார். தேவை என்று சொல்லிவிட்டால், படபடப்பு இல்லாத நாளிலும் தேவைதான். துடிப்பு சீராகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது.

"பாதி ஆஸ்பிரின் போதும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஏ.எஃப். கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

பழைய மருந்துகளான வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இல்லாமல், ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். இதில் இன்னொரு விஷயம். பழைய மருந்து என்பதால் மட்டமான மருந்து என்று நினைக்காதீர்கள். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்தப் பழைய மருந்துதான் சரி. பக்கத்து வீட்டில் புது மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று மாற்றிக்கொள்ள முடியாது.

ரிவராக்சபான் கொடுத்திருந்தால் வழக்கமாகச் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். டபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடக் கூடாது. எந்த மாத்திரையானாலும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக் கசிவு கூடும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள். குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், எழுந்து நடமாடினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே கசிவு இருந்தால் உடனே தெரியாது.

அன்றாடம்

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். தாளம் தப்புபவர்களுக்குப் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது; முழு நிமிடம் எண்ண வேண்டும். பிரஷர் மெஷினும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு எண் காட்டும். மூன்று தடவை எடுத்துச் சராசரி எழுதுகிறேன். கைக்கடிகாரம் "ஏ.எஃப்." என்று காட்டினால் பதற வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம், ஈ.சி.ஜி. எடுத்து உறுதிசெய்யுங்கள்.

எல்லோரும் என்னிடம் கேட்பது காபி. அளவான காபி ஏ.எஃப்.-ஐக் கொண்டுவரும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்றார் என் டாக்டர். நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடிக்கிறேன். குடித்ததும் படபடக்கிறது என்று உணர்பவர்கள் குறைத்துக்கொள்ளலாம். மதுவுக்கு அந்தச் சலுகை இல்லை. அது நிச்சயமாகக் கிளப்பிவிடும்.

பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், எடையைக் குறைப்பதும் பாதி வைத்தியம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. உடல் பருமன் உள்ள ஏ.எஃப். நோயாளிகளில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துத் தக்கவைத்தவர்கள், தாளக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. நான் ஏழு கிலோ குறைத்தேன், நம் நடைபாதையிலேயே.

வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால், சிரித்துவிட்டு விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை ஏ.எஃப்.-க்கு ஒரு காரணம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் ஒரு காரணம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியது

அன்று என்னைக் காப்பாற்றியது வாட்ச்மேனின் கண். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இனி எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசி வேளை எப்போது என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். அதைப் பொறுத்து வைத்தியம் மாறும். தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும்.

என் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: நோயின் பெயர், மாத்திரை, அளவு, நேரம், மகனின் எண். அதே அட்டையின் சிறிய நகல் என் பர்ஸில். அதை இப்போது பல் டாக்டரிடம் வாய் திறப்பதற்கு முன்பே நீட்டிவிடுகிறேன்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, எந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையும் என்று அளந்து பார்த்து, காவலாளி அறையில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு, பி பிளாக் வாசலில் விருந்தினர் வண்டிகள் நிற்பதால் ஆம்புலன்ஸ் திரும்ப முடியவில்லை. அந்த இடத்தை எப்போதும் காலியாக வைக்க வேண்டும். மூன்று, முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் பார்ப்பது எப்படி என்று இரவுப் பணியில் இருப்பவர் உட்பட எல்லாக் காவலாளிகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பெரிய செலவு எதிலும் இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நீங்களாக நிறுத்திய மாத்திரை ஏதாவது இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நான் 12 நாள் செய்யாமல் விட்ட வேலை அது.

வெளியே காபி தயாராக இருக்கிறதாம். எனக்கும் ஒரு டம்ளர் வையுங்கள், இது இன்றைய இரண்டாவது.