அடியவர் என்னும் பெயர்



ஸ்காட்லாந்தில் ஆண்களுக்கு இடப்படும் 'மால்கம்' என்னும் பெயருக்கு, 'கொலும்பாவின் அடியவர்' என்பது பொருள். புனித கொலும்பா, 563-இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து சென்று, அயோனா தீவில் மடம் நிறுவிய துறவி. பெயரின் முற்பகுதிக்கு நேர்ப்பொருள் 'தலை மழித்தவர்'. தலை மழிப்பது துறவியரின் அர்ப்பணத்துக்கு அடையாளம்.

இப்பெயரை முடிசூடிய மன்னர்களும் தாங்கினர். மூன்றாம் மால்கம் 1058 முதல் 1093 வரை ஸ்காட்லாந்தை ஆண்டார். வட இங்கிலாந்தின்மீது பலமுறை படையெடுத்தார், அங்கேயே கொல்லப்பட்டார். பெயரில் பணிவு இருந்தால் வாழ்வில் பணிவு தானாக வந்துவிடாது.

ஆனால் அவருடைய மனைவி புனித மார்கரீத்து 300 ஏழைகளை அரண்மனைக்கு அழைத்தபோது, ஒரு பக்கம் அரசியும் மறுபக்கம் அரசரும் நின்று அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று அப்புனிதையின் வரலாறு சொல்கிறது. அந்த வேளையில் மன்னர் தம் பெயருக்கு உரியவரானார்.

நாமும் திருமுழுக்கில் புனிதர்களின் பெயரைப் பெற்றிருக்கிறோம். பசியோடு நம் வாசலில் நிற்பவர் முன், நாம் யாருடைய அடியவர்கள் என்பதை நம் கைகள் சொல்லட்டும். ஆமென்.