நடுகல் இல்லாத கூலிகளின் கதை

(திருவானைக்காவலில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இலக்கியத்தைப் பற்றிப் பேசு என்று அழைத்திருக்கிறீர்கள். நான் பண்டிதனல்ல, மெட்ரிக்கோடு படிப்பு நின்றவன். ஷிப்ட் முடிந்து அலுப்போடு வந்திருக்கும் உங்களை அலங்கார வார்த்தைகளால் இன்னும் அலுக்க வைக்கப் போவதில்லை. யுத்தம் வந்தால் உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது, அவன் எப்படிப் பிழைத்து வருகிறான், அதைக் கதையாகவும் பாட்டாகவும் யார் சொன்னார்கள், யார் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

யுத்தம் எங்கோ தூர தேசத்துச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நாம் தினம் கடந்து போகும் இந்த ஆனைக்கா கோயில் மதில்களுக்குள் ஒரு காலத்தில் பட்டாளம் கூடாரமடித்தது. திருச்சிக் கோட்டைக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிய காலம் அது. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்து கொண்டது. 1752 ஜூன் மாதத்தில் அதன் தளபதி சரணடைந்தான். அவனோடு கூட்டுச் சேர்ந்த சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. கிளைவ், லாரன்ஸ் என்று தளபதிகளின் பெயரெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு ஆற்றுக்கும் நடுவே நம் வயலில் நாற்று நட்டவன், அந்தப் பயிரைக் குதிரை மிதித்தபோது எங்கே ஓடினான்? அவன் பிள்ளைகள் என்ன தின்றார்கள்? அவனுக்குப் பெயர் இல்லை.

நம் பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் சரித்திரக்காரர்களைவிட மேலானவர்கள். பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்றார்கள். அவன் மகளிர் இருவரும் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது. அதில் வெற்றி முழக்கம் கிடையாது, வசைமாரியும் கிடையாது. போன மாதப் பௌர்ணமிக்கு அப்பாவும் இருந்தார், மலையும் நம்முடையதாக இருந்தது. இந்த மாதப் பௌர்ணமிக்கு இரண்டும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். முப்பது நாளில் இரண்டு பெண் பிள்ளைகளின் உலகமே போய்விட்டது. கபிலர் என்ற புலவர் அவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். அவர்கள் அரசன் மக்கள். அதனால் புலவர் ஒருவர் கிடைத்தார். கூலிக்காரன் மக்களுக்கு யார் கிடைப்பார்?

அந்தப் பறம்பு மலைதான் இன்றைய பிரான்மலை என்கிறார்கள். அதற்கு அருகில் உள்ள சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்தவர் ப. சிங்காரம். பிழைப்புக்காகச் சுமத்ராவில் உள்ள மேடானுக்குக் கப்பலேறினார். இரண்டாவது உலக யுத்தத்தை அங்கே கண்ணால் கண்டார். திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல்கள் எழுதினார். ஒன்று 1959-ல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்'. மற்றது 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'.

முதல் நாவலில் செல்லையா என்ற வாலிபன் வட்டிக்கடையில் வேலை செய்கிறான். முதலாளி மகளும் அவனும் மனமொத்தவர்கள். யுத்தத்தில் அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கிறான். யுத்தம் முடிந்ததும் முதலாளிக்கு அவன் வேண்டாதவனாகி விடுகிறான். துப்பாக்கி பிடித்த கை வட்டிக்கணக்கு எழுத லாயக்கில்லையாம், பெண்ணும் கிடையாது. வெகுளியாகப் போனவன், உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்கிறான். முதலாளியின் கணக்கு என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிங்காரம் எழுதியது பெரும்பாலும் கடைப் பையன்களையும் வியாபாரிகளையும் பற்றி. அதே மலேயாவில் ரப்பர் தோட்டத்துக் கூலிகளாக லட்சக்கணக்கான தமிழர்கள் இருந்தார்கள். கங்காணி அழைத்துப்போன அந்த ஜனங்களில் நம் திருச்சி, தஞ்சை ஜில்லாக்காரர்கள் ஏராளம். ஜப்பானிய ராணுவம் 1942-43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டின் ஊடே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகளை அதில் வேலை வாங்கினார்கள்; பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் மாண்டவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடுகிறார்கள் என்றுதான் சொல்ல முடிகிறது, தோழர்களே. கூலியின் சாவை எவனும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை.

அந்தப் பாதையிலிருந்து உயிரோடு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர்க்காரர். நாங்கள் சிறுவர்கள், ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு தெருவில் ரயில் விட்டுக்கொண்டிருந்தோம். திண்ணையில் இருந்த அந்தப் பெரியவர் "நிறுத்துங்கடா!" என்று கத்தினார். பிறகு உட்கார்ந்து அழுதார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று ராத்திரி என் தகப்பனாரிடம் அவர் பேசியதைப் பாயில் படுத்தபடி கேட்டேன்.

மூன்று மாத வேலை, தினம் ஒரு டாலர் கூலி என்று சொல்லி அவரையும் அவர் அப்பாவையும் சாமான் வண்டியில் அடைத்து அனுப்பினார்களாம். அவருக்கு வயது பதினேழு. மரம் வெட்டுவது, மண் சுமப்பது, கல் உடைப்பது. மழைக்காலத்தில் காலரா வந்தது. அப்பா போய்விட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அவரைச் சேர்த்துக் கொண்டார். "தம்பி, காய்ச்சாத தண்ணியை வாயில வைக்காதே" என்று சொல்லி, ஒரு தகர டப்பாவில் தண்ணீர் காய்ச்சித் தாம் குடிக்குமுன் இவருக்குக் கொடுப்பாராம். இவர் அவரை மாமா என்று கூப்பிட்டார். ஒருநாள் மாமாவும் எழுந்திருக்கவில்லை.

"உசிர் இருக்கும்போதே பக்கத்துக் குடிசையில ஒருத்தன் கம்பளியை உருவினேன் அண்ணே. அவன் பார்த்துக்கிட்டே இருந்தான். அந்தக் கம்பளியிலதான் நான் பிழைச்சேன். மாமா பேரைக்கூட நான் கேக்கலை. கேக்கத் தோணலையே" என்றார். 1946-ல் நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கியவர், நாற்பது வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பதினேழு வயதுப் பையனைக் கம்பளி உருவ வைத்தவன் யார் என்றுதான் கேட்பேன். தோட்டத் துரை அவனைக் கைவிட்டு ஓடினான். ஜப்பானிய ராணுவம் அவனை மாடாக ஓட்டியது. ஒரு ஏகாதிபத்தியம் போட்டுவிட்டுப் போனதை இன்னொரு ஏகாதிபத்தியம் எடுத்துக்கொண்டது.

இந்த ரயில் பாதையை வைத்து 'குவாய் நதிப் பாலம்' என்ற இங்கிலீஷ் படம் 1957-ல் வந்தது. படம் பிடித்தது இலங்கையில், கித்துள்கலையில். உலகமே பார்த்தது. அதில் கர்னலுடைய கௌரவம் பெரிய பிரச்னை. நம் தமிழ்க் கூலியின் கதையை அதில் தேடினால் கிடைக்காது. காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் ஒழுங்காக இருக்கின்றன. அது நியாயம்தான், அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். கூலிகள் குழியில் மொத்தமாகப் போனார்கள்.

அந்தக் குறையை இலக்கியம்தான் கொஞ்சமாவது தீர்த்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல்கள் எழுதினார்கள். கடைசியில் 2023 மே தினத்தன்று, எண்பது வருஷத்துக்குப் பிறகு, காஞ்சனபுரியில் தமிழ்க் கூலிகளுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். முன்பு போரில் விழுந்த வீரனுக்கு நட்ட கல், முதன்முதலாக மண் சுமந்து விழுந்தவனுக்குக் கிடைத்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சோவியத் எழுத்தாளர் ஷோலகோவ், ஒரு லாரி டிரைவரின் கதையை எழுதினார். 1956 கடைசியில் 'பிராவ்தா'வில் வந்தது. யுத்தத்தில் மனைவி, மக்கள், வீடு அத்தனையும் இழந்தவன், தெருவில் அனாதைச் சிறுவன் ஒருவனைப் பார்க்கிறான். "நான்தான் உன் அப்பா" என்று ஒரு பொய் சொல்லித் தூக்கிக் கொள்கிறான். அந்தப் பொய்யால் இருவரும் பிழைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவரின் மாமாவும் அதே ஜாதி மனிதர்தான். யுத்தத்தில் பிழைப்பது தனி ஆளின் சாமர்த்தியம் என்று சொல்லும் கதைகளை நம்பாதீர்கள். பிழைத்து வந்த ஒவ்வொருவனுக்கும் பின்னால் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த ஒருவர் இருப்பார்.

இது பழங்கதை அல்ல. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஓடிவந்த ஜனங்கள் நம் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் குடியிருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பதின்வயதில் இயக்கத்துக்குப் போய், விலகிவந்த ஷோபாசக்தி, 'கொரில்லா' என்ற நாவலில் ஒரு பையன் துப்பாக்கி தூக்கிய கதையைச் சொன்னார். அவர் எழுதினார், எழுதாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் உங்களோடு சித்தாள் வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் வருகிறார்கள். டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, நான் கேட்பது இதுதான். இந்தப் புத்தகங்களை வாசகசாலையில் வாங்கி வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முகாமிலிருந்து வேலைக்கு வருபவர் பக்கத்தில் நின்றால் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். சொல்ல மனம் வந்தால் மற்றதை அவரே சொல்வார். வீட்டில் பர்மாவும் மலேயாவும் போய்வந்தவரின் கதை பாட்டியின் நினைவில் மிச்சமிருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்தத் தஞ்சாவூர்க்காரரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. இனி ஒருவர் பெயரும் அப்படிப் போகக் கூடாது.