நீண்ட கண்ணும் பார்வை நரம்பும்

(கல்குடாச் சுற்றுலாவின்போது தோட்டக் குடும்பங்கள் மத்தியில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, வாழைச்சேனை தாண்டி இந்தக் கரைக்கு வந்திருக்கிறோம். கடல்ல இறங்க எல்லாருக்கும் அவசரம். ஆகையால் ஒரு விசயம் மாத்திரம் பேசுகிறோம்.

நம்ம பிள்ளைகள் சிலருக்குக் கரும்பலகை எழுத்து தெரிவதில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் பிரச்சினை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். (பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடி எதுக்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது மகா தவறு.) கண்ணாடி பார்வையைத் திருத்தும், கண்ணின் வடிவத்தைத் திருத்தாது.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் உருண்டை பின்பக்கமாக நீளுவதால் வருவது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். அது 1 மில்லிமீற்றர் கூடினாலே கண்ணாடியின் இலக்கம் இரண்டரை, மூன்று ஏறும். 26 மில்லிமீற்றரைத் தாண்டிய கண் கடுமையான கிட்டப்பார்வைக் கண். உருண்டை போய், கோழிமுட்டை மாதிரி ஆகிவிடும்.

கண்ணின் பின்னால், சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் அகலமான இடத்தால்தான் பார்வை நரம்பு வெளியேறுகிறது. பத்து லட்சம் அளவான இழைகள், சல்லடை போன்ற ஒரு தட்டின் ஓட்டைகளுக்குள்ளால் போகின்றன. அந்தா கரையில காயுதே வலை, அதை ஒரு பக்கமா இழுத்துப் பாருங்க. வலைக்கண் நீளும், நூல் இறுகும். கண் நீளும்போது அந்தச் சல்லடையும் அப்படித்தான் இழுபடுகிறது. வட்டமாக இருந்த நரம்பு முனை சரிந்து, நீள்வட்டமாகி, பக்கத்தில் பிறை போல ஒரு வெளுப்பும் தெரியும்.

இழுபட்ட இடம் பலவீனமான இடம். குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் இப்படிப்பட்டவர்களுக்கு வரும் வாய்ப்பு கூட. கண்ணின் அழுத்தம் சாதாரணமாக இருந்தும் வரலாம். நோவு இல்லை, சிவப்பு இல்லை, ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறையும். கண்புரையை வெட்டி எடுத்தால் பார்வை திரும்பும். நரம்பு செத்தால் திரும்பாது. மருந்துத் துளி மிச்சத்தைத்தான் காப்பாற்றும்.

இதில் வைத்தியருக்கே ஒரு சங்கடம் உண்டு. சரிந்த நரம்பு முனை, நோய் இல்லாமலே நோய் மாதிரித் தெரியும். உண்மையான நோயும் அந்தச் சரிவுக்குள் மறைந்திருக்கும். ஒரு தடவை பார்த்துச் சொல்வது கடினம். ஐந்து வருசத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று ஒப்பிட்டால்தான் பிடிபடும். ஆகையால் கிளினிக் கொப்பியையும் பழைய கண்ணாடிச் சீட்டையும் எறியாதீங்க. லயத்துக் கூரையிடுக்கில் செருகினால் மழையில் கரைந்துவிடும். பொலித்தீன் பையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு வையுங்க. தோட்டம் மாறினாலும், பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போனாலும், கொப்பியும் கூடப் போகணும்.

தடித்த கண்ணாடி போடுகிறவர்கள், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்கள், நாற்பதைத் தாண்டிய எல்லாரும் தோட்ட வைத்தியரிடம் கடிதம் வாங்கிக் கண் கிளினிக்குக்குப் போகலாம். கண்டி, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும், இங்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் காசு வாங்குவதில்லை. "கண்ணாடி மட்டும் இல்லை, நரம்பையும் பாருங்க ஐயா" என்று கேளுங்க. திடீரென மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் கொட்டினால் அன்றைக்கே ஓடுங்க, அது விழித்திரை கிழிவதாக இருக்கலாம்.

பரிசோதனைக்குத் துளி மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கண் மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிப் போங்க, அன்றைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறாதீங்க.